அல்லாஹ் அறிவான், அது போதும்!



ஓர் உயிரின் மதிப்பு என்ன என்பதை அல்லாஹுத்தஆலா தன் அருள்மறையில் ஒரே ஆயத்தில் இரு பக்கமாகவும் வைத்துக் காட்டுகிறான். நியாயமின்றி ஓர் உயிரைப் பறிப்பவன் மனித குலம் முழுவதையும் கொன்றவனுக்கு ஒப்பாவான். ஓர் உயிரை வாழ வைப்பவனோ மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவனுக்கு ஒப்பாவான். பனூ இஸ்ராயீல்களுக்கு விதித்ததாகக் கூறி, நமக்கும் பாடமாக அல்லாஹ் அருளிய ஸூரத்துல் மாயிதாவின் 32-வது ஆயத்தின் கருத்து இது.

இந்த ஆயத்தின் இரு பகுதிகளையும் ஒரே நாளில், ஒரே ஊரில் உலகம் கண்டது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் காலை, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் மீது, கடத்தப்பட்ட விமானங்கள் மோதவிடப்பட்டன. அன்றைய தாக்குதல்களில் உயிரிழந்த அப்பாவிகள் 2,977 பேர். கொன்றவர்கள் தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லிக் கொண்டார்கள். ஆனால் அதே காலையில், அதே கோபுரங்களை நோக்கி, உயிர்களைக் காப்பாற்றுவதற்காக ஓடியவர்களிலும் ஒரு முஸ்லிம் இளைஞர் இருந்தார். கொன்றவர்களின் பெயர்களை உலகம் மனப்பாடமாக வைத்திருக்கிறது. காக்கச் சென்றவரின் பெயர் நம் வீடுகளில்கூட அதிகம் பேசப்படுவதில்லை. அவர் பெயர் முஹம்மது ஸல்மான் ஹம்தானி. அவருக்கு அப்போது வயது 23.

யார் இந்த ஸல்மான்?

பாகிஸ்தானின் கராச்சி நகரில் 1977-இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்தார். தந்தை சிறு கடை நடத்தி வந்தவர். தாயார் தல்அத் பள்ளிக்கூட ஆசிரியை. மூன்று ஆண் மக்களில் ஸல்மான் மூத்தவர். குயின்ஸ் கல்லூரியில் படித்து 2001-இல் பட்டம் பெற்றார். மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த ஆசை கைகூடும் வரை அவர் சும்மா இருக்கவில்லை. அவசர மருத்துவ உதவிக்கான பயிற்சி பெற்று, பகுதி நேரமாக ஆம்புலன்ஸில் பணியாற்றினார். நியூயார்க் காவல்துறையின் பயிற்சி மாணவர் திட்டத்திலும் இருந்தார். அந்த ஆண்டின் கோடையில், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செப்டம்பர் 11 காலையில் அவர் வீட்டிலிருந்து புறப்பட்டதும் அந்த ஆய்வுக்கூட வேலைக்குத்தான்.

காலை 8.46-க்கு வடக்குக் கோபுரம் தாக்கப்பட்டது. 9.03-க்குத் தெற்குக் கோபுரம். வழியிலேயே புகையைக் கண்ட ஸல்மான், வேலைக்குப் போகாமல் கோபுரங்களின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதே அவருடைய குடும்பத்தாரின் நம்பிக்கை. அன்று அவர் ஆம்புலன்ஸ் பணியில் இல்லை. காவல்துறை அவரை அனுப்பவில்லை. யாரும் அழைக்கவில்லை. "நீ ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கும் ஒருவருமில்லை. 9.59-க்குத் தெற்குக் கோபுரமும் 10.28-க்கு வடக்குக் கோபுரமும் சரிந்து விழுந்தன. அன்று மாலை ஸல்மான் வீடு திரும்பவில்லை.

அழைப்பில்லாமல் செய்யப்படும் அமல்

சகோதரர்களே! இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கடமை அழைக்கும்போது போவது நல்லதுதான். அன்று 343 தீயணைப்பு வீரர்கள் கடமையில் இருந்தபடியே உயிர் கொடுத்தார்கள். அவர்களுடைய தியாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கடமை அழைக்காதபோதும், கூலியும் புகழும் கிடைக்காது என்று தெரிந்தபோதும், ஆபத்தில் இருப்பவனை நோக்கிக் கால்கள் தாமாக நடக்கின்றனவே, அதற்குப் பெயர்தான் தொண்டு. தேவையுடையோருக்கு உணவளித்துவிட்டு, "உங்களிடம் நாங்கள் கூலியையும் நாடவில்லை, நன்றியையும் நாடவில்லை" என்ற உள்ளத்தோடு நிற்கும் நல்லடியார்களை ஸூரத்துத் தஹ்ரில் (76:8, 9) அல்லாஹ் புகழ்ந்துரைக்கிறான்.

காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்வது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. அகழ்ப் போரில் காயமடைந்த ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காகப் பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அங்கே காயம்பட்டோருக்கு மருந்திட்டவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களுடன் ஏழு போர்களுக்குச் சென்று, உணவு சமைத்துக் கொடுத்து, காயங்களுக்குக் கட்டுப் போட்டு, நோயாளிகளைப் பராமரித்தவர்கள். ருபைய்யிஃ பின்து முஅவ்வித் (ரலி) அவர்கள் போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்தும், காயம்பட்டவர்களை மதீனாவுக்குக் கொண்டு வந்து சேர்த்தும் பணியாற்றினார்கள். தொழுகை நடக்கும் இடத்திலேயே நோயாளிக்குப் படுக்கை விரித்த மார்க்கம் நம் மார்க்கம்!

"அந்தக் கோபுரங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லவே, அவர்களைக் காப்பாற்றப் போனதில் என்ன நன்மை?" என்று அறியாமையால் சிலர் கேட்கக்கூடும். நாம் மேலே சொன்ன ஆயத்தில் "ஒரு முஸ்லிமை" என்று அல்லாஹ் சொல்லவில்லை. "ஒரு நஃப்ஸை", அதாவது ஓர் உயிரை என்றே சொல்கிறான். தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற ஒரு நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ். நாயின் தாகத்தைத் தீர்ப்பதற்கே இந்தக் கூலி என்றால், புகையில் மூச்சுத் திணறும் மனிதனுக்குக் கை கொடுப்பதற்கு என்ன கூலி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காணாமற்போனவர் மீது சந்தேகம்

அந்தப் பெற்றோரின் துயரம் மகனைக் காணாததோடு நின்றுவிடவில்லை. மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தார்கள். மகனின் படத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கேட்டார்கள். ஒரு தகவலும் இல்லை. இதற்கிடையில் விசாரணை அதிகாரிகள் வீட்டுக்கு வந்து மகனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். 2001 அக்டோபரில் ஒரு நாளேடு, இவர் காணாமற்போனவரா, ஒளிந்திருப்பவரா என்று சந்தேகம் கிளப்பும் வகையில் செய்தி வெளியிட்டது. முஸ்லிம் பெயர், பாகிஸ்தானில் பிறப்பு, வேதியியல் படிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டன. சந்தேகத்துக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மகன் உயிரிழந்திருப்பான் என்று நம்ப மனமில்லாத பெற்றோர், "எங்காவது சிறையில் அடைத்து வைத்திருப்பார்களோ" என்றுகூட எண்ணினார்கள். மகன் சிறையிலாவது உயிரோடு இருக்கட்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுகிறாள் என்றால், அந்த நெஞ்சு எவ்வளவு வெந்திருக்க வேண்டும்!

வியப்பைப் பாருங்கள். அதே அக்டோபர் மாதம் 26-ஆம் நாள் அமெரிக்காவில் கடுமையான சட்டமொன்று கையெழுத்தானது. பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கென்று வந்த அந்தச் சட்டத்தால் பிற்காலத்தில் முஸ்லிம்கள் பட்ட சிரமங்கள் பல. ஆனால் அதே சட்டத்தின் 102-வது பிரிவு, வீரத்தோடு நடந்து கொண்ட முஸ்லிம் அமெரிக்கர்களுக்கு உதாரணமாக ஸல்மானின் பெயரையே எழுதியிருக்கிறது. மீட்புப் பணிக்குச் சென்றதாக நம்பப்படுகிறது, இப்போது காணவில்லை என்று அதில் குறிக்கப்பட்டது. ஒரு பக்கம் நாட்டின் சட்டப் புத்தகத்தில் புகழ்ச்சி. மறுபக்கம் தெருவில் சந்தேகம். மனிதர்களின் தீர்ப்பு இவ்வளவுதான்.

சந்தேகத்தில் பலவற்றைத் தவிர்த்துக் கொள்ளுங்கள், சில சந்தேகங்கள் பாவமாகும், பிறர் குறைகளைத் துருவி ஆராயாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் (49:12) அல்லாஹ் எச்சரிக்கிறான். பேச்சுகளிலேயே மிகப் பொய்யானது சந்தேகம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களும் எச்சரித்திருக்கிறார்கள்.

"அங்கே பிறர் நம்மைச் சந்தேகித்தார்கள்" என்று குறை சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடலாமா? நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஊரை விட்டுக் காணாமற்போன பையனைப் பற்றியும், இரவில் தாமதமாக வீடு திரும்பும் பெண்ணைப் பற்றியும் நம் திண்ணைகளில் பேசப்படுவது என்ன? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பியபோது, ஏறக்குறைய ஒரு மாதம் மதீனா முழுவதும் அதே பேச்சாக இருந்தது. அந்த வேளையில் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. அவர்கள் தம் மனைவியிடம், "நீ அப்படிச் செய்வாயா?" என்று கேட்டார்கள். "அல்லாஹ் மீது ஆணையாக, செய்ய மாட்டேன்" என்றார் அந்த அம்மையார். "அப்படியானால் ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவராயிற்றே!" என்று கூறி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்கள். அவதூறைக் கேட்டதும் ஈமான் கொண்டவர்கள் தங்களவரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருக்க வேண்டாமா என்று அல்லாஹ் கேட்பது (24:12) இந்த நிகழ்ச்சியின் தொடர்பில்தான். ஒரு வீட்டில் பேச்சு நின்றால் ஒரு தெருவில் நிற்கும். ஒரு தெருவில் நின்றால் ஊரில் நிற்கும்.

இடிபாடுகளிலிருந்து வந்த பதில்

ஆறு மாதங்களுக்குப் பின், 2002 மார்ச்சில் அந்த வீட்டுக்குச் செய்தி வந்தது. வடக்குக் கோபுரத்தின் இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட உடற்பகுதிகள் ஸல்மானுடையவை என்று மரபணுச் சோதனை உறுதி செய்தது. அவர் ஒளிந்திருக்கவில்லை. ஓடிப்போகவுமில்லை. எல்லாரும் வெளியே ஓடிய இடத்துக்குள் அவர் போயிருந்தார்.

2002 ஏப்ரலில் நியூயார்க் இஸ்லாமியப் பண்பாட்டு மையத்தின் பள்ளிவாசலில் அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. நகர மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கும் காவல்துறை ஆணையர் ரேமண்ட் கெல்லியும் வந்திருந்தார்கள். காவல்துறையின் முழு மரியாதையுடன் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். சந்தேகித்த ஊரே தலைகுனிந்து நின்றது.

போர்க்களத்தில் வெட்டுண்டவர் மட்டுமே ஷஹீத் என்று பலர் எண்ணுகிறார்கள். கொள்ளை நோயில் இறப்பவர், வயிற்று நோயில் இறப்பவர், நீரில் மூழ்கி இறப்பவர், இடிபாடுகளில் சிக்கி இறப்பவர், அல்லாஹ்வின் பாதையில் உயிர் துறப்பவர் ஆகிய ஐவரையும் நபி (ஸல்) அவர்கள் ஷஹீத்கள் என்று எண்ணிக் கூறியிருப்பதைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம். இவர்களில் போர்க்களத்து ஷஹீதைத் தவிர மற்றவர்களுக்குக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழ வைப்பதே உலகச் சட்டம். மறுமையில் அவர்களுக்கு ஷஹீதின் கூலி உண்டு என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டி அறுதியிட்டுச் சொல்லும் அதிகாரம் நமக்கில்லை. உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆனால் பிறர் உயிரைக் காக்கச் சென்று இடிபாடுகளுக்குள் மறைந்த ஓர் இளைஞருக்காக அந்த உயர்ந்த அந்தஸ்தை அல்லாஹ்விடம் ஆதரவு வைப்பதும் கேட்பதும் நம் கடமை.

கல்லில் எழுதப்படாத இடம்

2011-இல், அதாவது பத்தாண்டுகள் கழித்து, கோபுரங்கள் இருந்த இடத்தில் நினைவிடம் திறக்கப்பட்டது. இரண்டு பெரிய நீர்த்தடாகங்களைச் சுற்றி இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. காவல்துறையினருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டது. ஸல்மானின் பெயர் அங்கே இல்லை. எந்தப் பிரிவிலும் சேராதவர்களின் பெயர்களோடு வேறொரு பலகையில் அது பொறிக்கப்பட்டது. அன்று அவர் பணியில் இருந்தவர் அல்லர் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. யாரும் அனுப்பாமல் சென்றார் என்பது எதற்குச் சிறப்போ, அதுவே அவருக்குக் குறையாகிவிட்டது! மகனின் பெயர் மீட்புப் பணியாளர்களுடன் இடம்பெற வேண்டும் என்று தாயார் தல்அத் தொடர்ந்து குரல் கொடுத்தார். அந்தத் தாயின் கோரிக்கை நியாயமானது. உரிமையைக் கேட்பது ஸப்ருக்கு மாறானதல்ல. 2014-இல் அவர்கள் வாழ்ந்த பகுதியின் தெருவொன்றுக்கு ஸல்மான் ஹம்தானியின் பெயர் சூட்டப்பட்டது.

இந்த இடத்தில் உமர் (ரலி) அவர்களின் கண்ணீரை நினைத்துப் பார்க்கிறோம். நஹாவந்துப் போரின் வெற்றிச் செய்தியோடு தூதர் வந்தார். தளபதி நுஃமான் இப்னு முகர்ரின் (ரலி) ஷஹீதான செய்தியைச் சொன்னார். வேறு யார் யார் என்று கலீஃபா கேட்க, சிலருடைய பெயர்களைச் சொல்லிவிட்டு, "இன்னும் பலர், அவர்களைத் தங்களுக்குத் தெரியாது" என்றார். உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். உமருக்கு அவர்களைத் தெரியாததால் அவர்களுக்கு என்ன நஷ்டம், அல்லாஹ் அவர்களை அறிவானே என்ற கருத்தில் பதிலளித்தார்கள்.

அல்லாஹ் அறிவான்! இந்த ஒரு சொல்லில்தான் தொண்டனின் முழு ஆறுதலும் இருக்கிறது. மனிதர்களின் ஏட்டில் பெயர் தவறிப் போகலாம். தவறான பக்கத்தில் எழுதப்படலாம். சந்தேகக் கறையோடும் எழுதப்படலாம். மலக்குகள் எழுதும் ஏட்டில் நிய்யத் மாறிப் போவதில்லை.

ஆனால், அல்லாஹ் அறிவான் என்று சொல்லி நாம் நன்றி மறந்துவிடக் கூடாது. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிச் சுத்தம் செய்து வந்த ஓர் எளியவர் இறந்தபோது, அதைப் பெரிதாக எண்ணாமல் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கி விட்டார்கள். அதை அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், "எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கேட்டு, அந்தக் கப்ருக்கே சென்று தொழுதார்கள். தொண்டர்களை நினைவு கூர்வதும், அவர்களுக்காகத் துஆச் செய்வதும் நபிவழியாகும்.

நாம் செய்ய வேண்டியது

ஸல்மானை நினைவு கூர்ந்து கண் கலங்கிவிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டால் பயனில்லை. அவர் கையில் கற்ற தொழில் இருந்தது. அதனால்தான் ஓடியதற்குப் பொருள் இருந்தது. ஆசை மட்டும் இருந்து பயிற்சி இல்லையென்றால், காயம்பட்டவனைச் சுற்றிக் கூட்டம்தான் கூடும்.

மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். ஊரில் சிலராவது அதைக் கற்றிருக்க வேண்டும். ஒருவருமே கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்து இளைஞர்களாவது முதலுதவிப் பயிற்சி பெற வேண்டும். இரத்தப் பெருக்கை நிறுத்தவும், நின்றுபோன இதயத்தை மார்பில் அழுத்தி இயக்கவும் கற்றுக் கொள்ள அதிக நாட்கள் ஆகா. ஜமாஅத் நிர்வாகிகள் மனம் வைத்தால் மத்ரஸா மண்டபத்திலேயே இந்தப் பயிற்சியை நடத்தலாம். பெண்களுக்கும் தனியே நடத்த வேண்டும். உம்மு அத்திய்யா (ரலி) அவர்களின் வாரிசுகள் அல்லவா அவர்கள்?

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டு, "போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமே" என்று அஞ்சி நம்மில் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். நம் நாட்டில் உதவி செய்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. விரும்பாவிட்டால் அவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சட்டமே வழிவிட்ட பிறகு, ஈமான் கொண்டவன் ஒதுங்கிப் போக என்ன நியாயம் இருக்கிறது?

மற்றொன்று, நாவையும் கைப்பேசியையும் காப்பது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் வரும் ஹதீஸை இன்று கைப்பேசிக்கும் சேர்த்தே படிக்க வேண்டும். வந்த செய்தியை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பும்போது, எங்கோ ஒரு தாயின் நெஞ்சில் நெருப்பு வைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

பெற்றோர்களே! பிள்ளைகளை மருத்துவர்களாக்க வேண்டும் என்று கனவு காண்கிறீர்கள், மிக நல்லது. பட்டம் வருவதற்கு முன்பே தொண்டுள்ளம் வரட்டும். "உனக்கென்ன வந்தது, பேசாமல் வா" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தக் கையை விட்டுவிட்டால் ஓர் உயிர் பிழைக்கலாம். அந்த ஓர் உயிரில் மனித குலம் முழுவதும் இருக்கிறது.

யா அல்லாஹ்! உன் படைப்புகளைக் காக்கச் சென்று உயிர் துறந்த முஹம்மது ஸல்மான் ஹம்தானியின் அமலை ஏற்றுக் கொள்வாயாக! அவருடைய கப்ரை விசாலமாக்கி, ஷஹீத்களின் கூட்டத்தில் சேர்த்தருள்வாயாக! அவரை இழந்து வாடும் தாய்க்கு அழகிய பொறுமையையும் நிறைந்த கூலியையும் தருவாயாக! எங்கள் நாவுகளைச் சந்தேகத்திலிருந்தும் அவதூறிலிருந்தும் காப்பாயாக! ஆபத்தில் இருப்பவரை நோக்கி விரைந்து செல்லும் கால்களை எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.